ரயில் வராத ஐப்பசி

ரன்னிமேடுக்குக் கீழே மண் சரிந்தது
ஐப்பசி இரண்டாம் தேதி.
அன்றிலிருந்து குன்னூர் ஸ்டேஷனில் என் வேலை
விற்ற டிக்கெட்டுக்குப் பணத்தைத் திருப்பித் தருவது.
பதினொரு மணிக்கே ஜன்னல் வெறிச்சோடிவிடும்.
மாதக் கடைசியில் கணக்கு முடித்துப் பழகிய கை
இந்த மாதம் பிடித்தவற்றை எழுதிப் பார்க்கிறது.

படத்தில் ஒன்றுதான் தேறியது.
கொலைகாரன் யாரென்று பத்தாம் நிமிடமே தெரிந்துவிட்டது.
ஆனால் அதில் ஒருத்தி
புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்து
அழாமல் அவன் சட்டைக்கு இஸ்திரி போடுவாள்.
காலர், கை, முதுகு.
பின்னணியில் ஒரு வயலின்கூட இல்லை.
அந்த மூன்று நிமிடத்தை நான்கு தடவை பார்த்தேன்.
ஐந்தாம் தடவை போனில் சார்ஜ் இல்லை.

ஏழரை மணி சீரியலைத்
திட்டிக்கொண்டேதான் பார்க்கிறேன்,
ஆனாலும் பார்க்கிறேன்.
மாமியார் விஷம் கலந்த பாலோடு படியேறும்போது
வெலிங்டன் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போனது.
மூன்று நாள்.
திரும்பி வந்தபோது எல்லோரும் உயிரோடு
வேறு யாருடைய கல்யாணத்திலோ நின்றார்கள்.
பாலை யார் குடித்தது?
மார்க்கெட்டில் கேரட் கழுவிக்கொண்டிருந்த ரோஸ்லின்
‘பூனை’ என்றாள்.
நான் பார்க்காத அந்த எபிசோடுதான்
இந்த வருஷத்திலேயே சிறந்தது.

புத்தகம் நூலகத்தில் எடுத்தது, அறுநூறு பக்கம்.
கப்பலில் சமையல்காரனாகப் போன ஒருவனின் கதை.
எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வெயில்.
ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு
மூக்கு நுனியால் தாள் திருப்பிய நாளும் உண்டு.
நாலாம் நாள் ஸ்டேஷன் போன் அடித்தது.
ஹில்குரோவிலிருந்து போஜன்.
“லைன் இருக்கான்னு பார்த்தேன்.”
அங்கே போஜனும் குரங்குகளும் மழையும் மட்டும்.
“என்ன பண்றீங்க?”
“படிக்கிறேன்.”
“கேக்கற மாதிரி படிங்க.”

வண்டி வருவதையும் போவதையும் தவிர
அந்தப் போனில் எதுவும் பேசக்கூடாது.
வண்டியே இல்லாதபோது என்ன விதி?
தினமும் நாலு மணிக்குக் கப்பல் கிளம்பும்.
அடித்தளத்தில் உருளைக்கிழங்கை மூட்டையோடு
இரண்டு மாதம் அடுக்கி வைத்த அத்தியாயத்தில்
போஜன் என்னை நிறுத்தினார்.
“அழுகிப் போயிருக்கும். எங்க ஹட்டியில வந்து கேக்கச் சொல்லுங்க.
எழுதினவருக்குக் கெழங்கைப் பத்தித் தெரியாது.”
அறுநூறு பக்கத்துக்கும் அதைவிட நேர்மையான விமர்சனம்
யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

பாட்டு என்ற இடத்தில் எதைப் போடுவது?
பக்கத்து வீட்டுப் பையன் கிறிஸ்துமஸுக்காகக்
கீபோர்டில் ஒரே வரியை அடித்துக்கொண்டிருந்தான்.
மூன்றாவது கட்டையில் தினமும் தப்பு.
கடைசி வாரம் சரியாக வந்தது.
எனக்கு என்னவோ போலிருந்தது.
அதை எழுதி, அடித்துவிட்டு,
போஜன் உம் கொட்டியதை எழுதினேன்.
மேலே போ என்று ஒரு ‘ம்’.
நம்பவில்லை என்று ஒரு ‘ம்’, சற்று நீளமாக.
குரங்கு வாழைப்பழத்தைப் பறித்த நேரத்து அவசர ‘ம்’.
சமையல்காரனுக்கு மகளின் கடிதம் வந்த அன்று
ஒன்றுமே இல்லை.
கம்பிக்குள் மழை பெய்வதுபோல ஓர் இரைச்சல் மட்டும்.
“ஹலோ” என்றேன்.
“இருக்கேன்.”

ஐப்பசி முடிந்ததும் பாதையைச் சரிசெய்துவிட்டார்கள்.
இன்னும் பதினோரு பக்கம் பாக்கி.
தனியாகப் படிக்க மனசு வரவில்லை.
கெடு தாண்டிவிட்டது, அபராதம் ஏறிக்கொண்டிருக்கிறது,
ஏறட்டும்.

இன்று காலை புகையும் சத்தமுமாக எஞ்சின் மேலே வந்தது.
“வண்டி வந்தாச்சு” என்றேன் போனில், விதிப்படி.
“கப்பல்?” என்றது ஹில்குரோவ்.
ஜன்னலுக்கு வெளியே நாற்பது பேர்
சில்லறையோடு நின்றார்கள்.